கானுக்கு மேலே ஓர் அறை

எங்கள் ஒழுங்கைக்காரர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். மாரி தொடங்கி முதல் மழை விழுந்தால், குடையை விரிக்கிறதுக்கு முன்னமே நகர சபையை ஏசத் தொடங்கிவிடுவோம். கல்முனைக்குத் தெற்கே, பிரதான வீதிக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கிடக்கிற ஊர் எங்களுடையது. அதிலும் பூவரசடி ஒழுங்கை என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று யாருடைய வாசலுக்குள்ளாவது ஏறி நின்று மற்றதற்கு வழிவிட வேண்டும். மாரியில் ஏறி நிற்க வாசலும் இருக்காது. ஒழுங்கையும் வாசலும் ஒரே தண்ணீராகிவிடும்.

போன கார்த்திகையில் ஒரு விடியற்காலை, கைருன்னிஸாவின் குசினிக்குள் தண்ணீர் வந்தது. அவள் இடியப்பம் அவித்து விற்கிறவள். சுபஹு பாங்குக்கு முன்னமே எழும்பி மாக் குழைத்து, இடியப்ப உரலில் பிழிந்து, தட்டுத் தட்டாக அடுக்கி அவித்தால்தான் பள்ளிக்கூடக் கன்டீனுக்கும் ஒழுங்கைச் சனத்துக்கும் காலைச் சாப்பாடு. அன்றைக்கும் அவித்தாள். அடுப்பைக் கல்லுக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டு, உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று அவித்தாள். அவளுடைய புருசன் மஜீட், மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி மீன் விற்கிற மனிதர், கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச புள்ள, கடலுக்குப் போகத் தேவையில்ல போல. ஒரு வலய இஞ்சயே போட்டுப் பாப்பமா?" என்றார்.

"வாய வெச்சிட்டு சும்மா இரிங்க. அந்த மாச் சட்டியத் தூக்கி மேசையில வையுங்க."

முன்வீட்டிலிருந்து முஸ்பிறாவின் குரல் வந்தது. இரண்டு வீட்டு வாசலும் நேருக்கு நேர். நடுவில் ஒழுங்கை மட்டும்தான்.

"கைருன்! உனக்கு எவ்வளவுக்கு இரிக்கி கா?"

"கரண்டைக்கு!"

"எனக்கு முழங்காலுக்கு. நீ பணக்காரி!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒன்றாக ஓதப் போய், ஒன்றாகப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று, ஒரே வருசத்தில் கலியாணம் முடித்தவர்கள். முஸ்பிறா தையல்காரி. ஊரில் பாதிக் கலியாண உடுப்பு அவள் கையால் போகிறது. அவளுடைய வீடு கொஞ்சம் பள்ளத்தில் இருந்தது. எப்போதும் அப்படித்தான். ஆனால் இவ்வளவு தண்ணீர் இந்த இரண்டு மாரியாகத்தான்.

சிரித்து முடிந்ததும் கைருன்னிஸாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுடைய கடைசி மகள் ஹுஸ்னியாவுக்கு அடுத்த மாதம் கலியாணம். மாப்பிள்ளை ஜவாத் அட்டாளைச்சேனை, மின்சார வேலை செய்கிறவர். மாப்பிள்ளை வீட்டார் கோடையில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள். மாரியில் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தால் கதை கந்தல்.

"இண்டைக்கு புதன்கிழம. சபையில சனத்தச் சந்திக்கிற நாள்" என்று அவள் வாசலில் நின்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டாள். "வாய் இரிக்கிற எல்லாரும் வெளிக்கிடுங்க!"

வாய் எல்லாருக்கும் இருந்தது. ஆனாலும் ஓட்டோவில் ஏறியது கைருன்னிஸா, முஸ்பிறா, கைபேசிக் கடை வைத்திருக்கிற மிஹ்லார், ஆக மூன்று பேர்தான். மற்றவர்கள் வட்ஸ்அப் குழுவில் துஆச் செய்தார்கள்.

நகர சபையில் பிளாஸ்டிக் கதிரையில் வெகுநேரம் இருந்தபிறகு கூப்பிட்டார்கள். தவிசாளர் நல்ல மனிதர்தான். முகத்தில் தூக்கக் கலக்கம். பக்கத்தில் முஸ்தாக் என்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர், சப்பாத்தில் சேறு அப்பிக்கொண்டு இருந்தார். மிஹ்லார் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, பேஸ்புக்கில் நேரலை போட்டுக்கொண்டே உள்ளே போனான். கைருன்னிஸா ஸலாம் சொல்லிவிட்டு இருக்கவும் இல்லை. நின்றபடியே தொடங்கினாள்.

"சேர், நான் இடியப்பம் அவிக்கிறவ. இடியப்பத்த ஆவியிலதான் அவிக்கிற. தண்ணிக்குள்ள நிண்டு அவிக்கிற ஒரே பொம்புள இந்த இலங்கையில நான் மட்டும்தான். இண்டைக்கு விடிய அடுப்படியில தவள இரிக்கி. நாளைக்கு அது உரலுக்குள்ள உழுந்தா கன்டீன்ல புள்ளயளுக்கு நான் என்னத்தச் சொல்ற?"

தவிசாளருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"ராத்தா, ஒங்கட கஷ்டம் எனக்கு விளங்குது..."

"விளங்கல்ல சேர். வோட்டுக் கேட்டு வரக்குள்ள எல்லாரும் கோடையிலதான் வந்தீங்க. புழுதிக்குள்ள நிண்டு கை தந்தீங்க. மாரியில ஒருக்கா வாங்க. சாறனத் தூக்கிக் கட்டிட்டு வாங்க. அப்பதான் விளங்கும்."

"நல்லாச் சொன்னீங்க" என்றான் மிஹ்லார். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த ஒழுங்கைச் சனம் இதயம் இதயமாக அனுப்பியது.

எங்கள் ஒழுங்கை மழைத் தண்ணீர் கான் என்கிற வடிகாலால் ஓடி, கடலோரத்துத் தோணா என்கிற கழியில் விழுந்துதான் கடலுக்குப் போக வேண்டும். முஸ்தாக் மெதுவாகக் கேட்டார். "தோணா வாய் போன கிழமையே வெட்டி உட்டாச்சி. கடலுக்குத் தண்ணி நல்லாப் போகுது. அப்ப ஒங்கட கான் எங்கயோ அடைபட்டிரிக்கி. எந்த இடத்தில எண்டு தெரியுமா?"

கைருன்னிஸா முஸ்பிறாவைப் பார்த்தாள். தண்ணீர் அதிகம் நிற்கிறது அவள் வீட்டில்தானே, அவள் சொல்லட்டும் என்று. முஸ்பிறா யன்னலைப் பார்த்தாள்.

"மண்ணாத்தான் இரிக்கும் சேர்" என்றாள். "மண் நிரம்பிட்டு."

"சரி, நாளைக்கு நான் வந்து பாக்கன்" என்றார் முஸ்தாக்.

வெற்றி பெற்றவர்கள் மாதிரித் திரும்பி வந்தோம். போனது மூன்று பேர்தான் என்றாலும் வந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒழுங்கை முழுக்க அப்படித்தான் பேசியது. "நல்லாக் குடுத்த நாங்க!" என்று போகாதவர்களும் சொன்னார்கள்.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. முஸ்தாக் ஒரு தொழிலாளியையும் அலவாங்கையும் கூட்டிக்கொண்டு வந்து ஒழுங்கை முனையில் நின்றார். சனம் கூடிவிட்டது.

"கான் எங்க?" என்று கேட்டார்.

இது சின்னக் கேள்வி. கான் இருந்தது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சின்ன வயதில் அதில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறோம். இப்போது அது எங்கே என்று விரலால் காட்டத்தான் முடியவில்லை.

முஸ்தாக் ஒவ்வொரு வீடாகப் போனார். மிஹ்லார் கடைக்கு ஏறுகிற படி கானுக்கு மேல் இருந்தது. அடுத்த வீட்டில் மோட்டார் சைக்கிள் ஏற்றுகிற சரிவு. அதற்கடுத்த வீட்டில் குளியலறைச் சுவர். அடுத்ததில் பூச்சாடி வைக்கக் கட்டிய மேடை. தன் படியின் முறை வந்தபோது மிஹ்லார் நேரலையை நிறுத்திவிட்டு, சார்ஜ் இறங்கிட்டு என்றான்.

இதற்கு எங்களை மட்டும் ஏசிப் பிரயோசனம் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் வீடு ஒன்று கட்டியாக வேண்டும். மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்குத்தான் வருவார். உம்மாவுடைய வளவுக்குள் மூத்தவளுக்கு ஒரு வீடு, நடுவிலாளுக்கு ஒரு வீடு, கடைசியாளுக்கு இருக்கிற வீடு. வளவு பெருக்கிறதில்லை, பெண்பிள்ளைகள்தான் பெருகுகிறார்கள். அப்போது வீடு கொஞ்சம் முன்னுக்கு வரும். ஒரு அடிதானே, சபைக்குத் தெரியவா போகிறது என்று எல்லாரும் ஒரு அடி வந்தோம். கானுக்கு மேல் நிற்கிறதெல்லாம் எங்கள் மகள்மார்தான் என்று சொன்னாலும் பிழையில்லை.

கடைசியில் முஸ்தாக் ஒழுங்கையின் மறு முனைக்கு வந்தார். அங்கேதான் கைருன்னிஸாவின் வீடு. மூத்தவள் றிஸ்லாவுக்கும் நடுவிலாள் ஸப்னாவுக்கும் வளவுக்குள் பின்னால் கட்டிக் கொடுத்தாயிற்று. முன்வீடு ஹுஸ்னியாவுக்கு. அதில் ஒரு ஹோல், ஒரு குசினி, கைருன்னிஸாவும் மஜீட்டும் படுக்கிற ஒரு பழைய அறை. மாப்பிள்ளைக்கென்று போன வருசத்துக்கு முந்தின வருசம் முன்பக்கம் புதிதாக ஒரு அறை இறக்கியிருந்தார்கள். இளம்பச்சைப் பெயின்ற், பூப்போட்ட யன்னல் சீலை, புதுக் கட்டில். ஒழுங்கையில் அதைப் போல ஒரு அறை இல்லை.

முஸ்தாக் அறைக்கு வெளியே குந்திக்கொண்டு சுவரின் அடியில் அலவாங்கால் குத்தினார். பொள்ளென்று சத்தம் கேட்டது. கையை விட்டுத் துழாவி, கறுத்துப்போன ஷொப்பிங் பேக் ஒன்றையும் குழந்தைகளுக்குக் கட்டுகிற பம்பஸ் இரண்டையும் இழுத்து வெளியே போட்டார்.

"தோணாவுக்குப் போற வாய் இதுக்குள்ளதான் இரிக்கி" என்றார்.

மஜீட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நான் கான மூடல்ல சேர். மேசன் சொன்னான், குழாய் வெச்சிட்டு மேல கொங்கிறீட் பிளேட் போட்டாக் காணுமெண்டு. குழாய் வெச்சித்தான் போட்ட."

"எவ்வளவு பெரிய குழாய் காக்கா?"

மஜீட் இரண்டு கையாலும் காட்டினார். ஒரு தேங்காய் போகும்.

"ஒழுங்க முழுக்க வாற தண்ணி. தண்ணி மட்டுமா வருது? பம்பஸ் வருது, போத்தல் வருது. இதால எப்படிப் போற?" முஸ்தாக் எழும்பிக் கையைத் துடைத்தார். "மத்தப் படியெல்லாம் லேசு. பெக்கோ மெசின் கொண்டு வந்து தோண்டினா ஒரு நாள் வேல. ஆனா இந்த அறை கிடக்குமட்டும் மேல எத வெட்டினாலும் பிரயோசனமில்ல."

கைருன்னிஸா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேற்றுச் சபையில் தவிசாளருக்கு முன்னால் நின்று கத்தினதெல்லாம் உண்மையாகத்தான். அவள் நடிக்கவில்லை. குழாய் இருக்கிறது, தண்ணீர் போகிறது என்றுதான் இவ்வளவு காலமும் முழுமனதாக நம்பியிருந்தாள்.

அப்போதுதான் ஒரு அதிசயம் நடந்தது. முதலில் முஸ்பிறா சொன்னாள்.

"அது பழைய கான் சேர். அதால தண்ணி போறல்ல."

"போறல்லதான்" என்றார் முஸ்தாக். "அதத்தானே நானும் சொல்றன்."

"இல்ல சேர், கலியாணம் கிட்டடியில இரிக்கி" என்றான் மிஹ்லார்.

"புதுப் பெயின்ற் சேர்" என்றது ஒரு குரல்.

"இந்த மாரி போகட்டும். நாங்க சமாளிப்பம்."

"தண்ணி எண்டா என்ன, நெருப்பா? வத்தும்தானே."

இரண்டு மாரியாகச் சபையை ஏசின அத்தனை பேரும், அந்தத் தண்ணீர் இருந்தால் குறையொன்றுமில்லை என்று முஸ்தாக்கோடு மல்லுக்கு நின்றார்கள். அந்த மனிதர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நேத்து நேரலையில என்னப் பேசாத பேச்சில்ல. இண்டைக்கு வெட்ட வேணாமாம்" என்றார். "நான் ஆரோடயும் சண்டைக்கு வரல்ல. நீங்களே கதைச்சி முடிவெடுங்க. சரியெண்டா ஞாயித்துக்கிழம பெக்கோ வரும். இல்லாட்டி வேற ஒழுங்கைக்குப் போகும். அங்கயும் தவள இரிக்கி."

அவர் போய்விட்டார். எல்லாரும் கைருன்னிஸாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் தங்கள் தங்கள் தண்ணீருக்குள் இறங்கிப் போனார்கள்.

அஸருக்குப் பிறகு கைருன்னிஸா ஒழுங்கையைக் கடந்து முஸ்பிறாவின் வீட்டுக்குப் போனாள். தினமும் போகிற வீடுதான். வாசலில் நின்று கதைத்துவிட்டு வருவாள். உள்ளே போய்ப் பார்த்துக் கனநாள். அன்றைக்குப் பார்த்தாள்.

அலுமாரியைச் சீமெந்துக் கல்லுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். சுவரில் தண்ணீர் ஏறி இறங்கின கறை யன்னல் மட்டத்துக்குக் கிட்ட வந்திருந்தது. முஸ்பிறாவின் புருசன் சாலிஹ் கரைவலைக்காரர். மாரியில் வலை இழுக்கிறதில்லை. கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தையல் மெசின் மேசைக்கு மேல் மேசை போட்டு ஏற்றப்பட்டிருந்தது. முஸ்பிறா உயரமான ஒரு கதிரையில் ஏறி இருந்து, மடியில் வெள்ளைத் துணியைப் பரப்பி, முத்துக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். துணியின் ஓரம் தண்ணீரில் படாமல் ஒரு பக்கத்தைத் தோளில் எடுத்துப் போட்டிருந்தாள். ஹுஸ்னியாவின் கலியாண உடுப்பு அது.

"செருப்போட வா கா. கீழ ஊசி கிடக்கும்" என்றாள் முஸ்பிறா.

கைருன்னிஸா இருக்கவில்லை.

"நீ அறிஞ்சிதான் இருந்தியா?"

முஸ்பிறா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எத?"

"என்னட்ட வெளாடாத முஸ்பிறா. அறை கட்டின பொறகுதான் ஒன்ட ஊட்ட தண்ணி ஏறின. நீ அறிஞ்சிதான் இருந்தியா?"

"ஓம்."

"பின்ன ஏன் என்னட்டச் சொல்லல்ல? சபைக்கும் என்னோட வந்து, மண்ணெண்டு சொன்னியே!"

"சொன்னா நீ என்ன செய்வா? ராவிருந்து அழுவா. அழுதிட்டு அறைய உடைப்பா. பொறகு புள்ளைக்கு எங்கால ஊடு?" முஸ்பிறா இன்னொரு முத்தை எடுத்தாள். "எனக்கு மூணும் ஆம்புளப் புள்ளயள். மூத்தவன் நிந்தவூர்ல பொண்டாட்டி ஊட்ட இரிக்கான். மத்தவன் சம்மாந்துறையில. கடைசியானும் ஒரு நாளைக்குச் சாறனை மடிச்சிக் கட்டிட்டு ஆற்றயோ ஊட்டுக்குப் போயிருவான். இந்த ஊட்ட நான் ஆருக்கெண்டு காப்பாத்துற? தண்ணியாவது வந்து போகட்டுமெண்டு உட்டுட்டன்."

"பைத்தியக்காரி" என்றாள் கைருன்னிஸா. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அவ சொன்னாக் கேக்கமாட்டா தங்கச்சி" என்றார் சாலிஹ், வலையிலிருந்து தலையைத் தூக்காமல். "நானும் சொன்ன நான். கைருனுக்குச் சொல்லு எண்டு. கைருன்ட ஊட்டுத் தண்ணி எண்டா பரவால்லயாம்."

அன்று மஃரிபுக்குப் பிறகு கைருன்னிஸா மஜீட்டையும் ஹுஸ்னியாவையும் ஹோலில் இருத்தி வைத்துக் கதைத்தாள். நேற்றுப் பொரித்த பாரைக்குட்டியும் காலையில் மிஞ்சின இடியப்பமும்தான் இராச் சாப்பாடு. ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"உடைச்சா மாப்புள ஊட்டுக்காரர் என்ன சொல்லுவாங்க? அறையக் காட்டித்தானே கதை முடிஞ்ச" என்றார் மஜீட். அன்றைக்கு அவரிடம் பகிடியே இல்லை. அந்த அறைக்கு மண் சுமந்ததும் கல் சுமந்ததும் அவர்தான். மீன் பெட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னேரம் பின்னேரமாகச் சுமந்தார்.

ஹுஸ்னியா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத பிள்ளை.

"உடைங்க உம்மா" என்றாள்.

"லேசாச் சொல்றா. ஒனக்குக் கலியாணம் தேவையில்லயா?" என்றாள் கைருன்னிஸா.

"தேவைதான். நேத்து முஸ்பிறா சாச்சி எனக்கு உடுப்பு அளவு பாத்தவ. நான் மேசைக்கு மேல ஏறி நிண்ட. அவ தண்ணிக்குள்ள நிண்டு அளந்த. அப்ப இந்த அறையாலதான் எண்டு எனக்குத் தெரியா. இனித் தெரிஞ்சிட்டு. தெரிஞ்ச பொறகு அதுக்குள்ள எனக்கு எப்படி நித்திர வரும்?"

மஜீட் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "பழைய அறைய அவங்களுக்குக் குடுப்பம்" என்றார்.

"அப்ப நாங்க?"

"நாங்க ஹோல்ல."

"மருமகன் இரிக்கிற ஊட்ட, ஹோல்ல பாய போட்டுக்கிட்டு? வாற போறவங்க என்ன சொல்லுவாங்க? அந்தப் புள்ள காலத்தால வெளிய வரவும் வெக்கப்படும்."

விசயம் கேள்விப்பட்டு றிஸ்லாவும் ஸப்னாவும் ஓடி வந்தார்கள். உம்மா என்னோட, வாப்பா என்னோட, இல்லை இரண்டு பேரும் என்னோட என்று அக்காவும் தங்கையும் ஒரு சண்டை பிடித்தார்கள். இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒரு அறை. அதற்குள் பேரப்பிள்ளைகள் கால்மாடு தலைமாடாகக் கிடந்தார்கள். கைருன்னிஸா அவர்களை அதட்டி அனுப்பினாள்.

"குடுத்த ஊடு குடுத்ததுதான். திரும்பிப் போய் அதில மூல புடிக்கிற பழக்கம் என்னட்ட இல்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவள் அட்டாளைச்சேனைக்குப் போனாள். தனியாகப் போகப் பயம். முஸ்பிறாவைக் கூட்டிக்கொண்டு போனாள். கையில் ஒரு டப்பா வட்டிலாப்பம். மாப்பிள்ளையின் உம்மா ஸம்சுன் பீவி உயரமான, கணீரென்று கதைக்கிற பெண். பிளேன்டி தந்து, வட்டிலாப்பத்தை வாங்கி வைத்து, எல்லாவற்றையும் இடையில் மறிக்காமல் கேட்டாள்.

"அப்ப அந்தப் பச்சை அறை இல்ல" என்றாள் கடைசியில்.

"இல்ல மதினி."

"மதினி, நான் ஒளிச்சிக் கதைக்கிறவ இல்ல. என்ட மகன் வாற ஊட்டில அவனுக்கும் புள்ளைக்கும் கதவு பூட்டுற ஒரு அறை இரிக்கணும். அது பச்சையோ செவப்போ எனக்குத் தேவையில்ல. நானும் ரெண்டு பொம்புளப் புள்ளைக்கு ஊடு கட்டிக் குடுத்து முதுகு முறிஞ்சவதான். ஒங்கட கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா அறை ஒண்டு இரிக்கணும்."

"இரிக்கி மதினி. நல்ல அறை. நாங்க படுத்த அறை."

"அப்ப நீங்க ரெண்டு பேரும்?"

கைருன்னிஸா சிரித்தாள். "எங்களுக்கென்ன மதினி. எங்களுக்கு வேற இடம் இரிக்கி."

ஸம்சுன் பீவி தலையாட்டினாள். முஸ்பிறா கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வருகிற பஸ்ஸில் நிந்தவூர் கடந்து, வயல்வெளி தண்ணீரோடு சரிசமமாகக் கிடந்த இடமெல்லாம் கடந்து வருகிறவரைக்கும் அவள் ஏதோ யோசனையில் இருந்தாள். கைருன்னிஸா மட்டும், புதுக் கட்டில் பழைய அறைக்குள் நுழையுமா, யன்னல் சீலை நீளம் காணுமா என்று கதைத்துக்கொண்டே வந்தாள். வாய் ஓய்ந்தால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெக்கோ வந்தது. ஒழுங்கைக்குள் நுழைவதற்கே அது பட்ட பாடு பெரும்பாடு. மிஹ்லார் முந்தின நாளே தன்னுடைய படியைத் தானாக உடைத்து, அதை நேரலையும் போட்டிருந்தான். வெட்கமோ என்னவோ, அவனைப் பார்த்து மற்றவர்களும் உடைத்தார்கள். குளியலறைச் சுவர்க்காரர் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார். அவருடைய பெண்சாதி உள்ளே இருந்து ஒரு சத்தம் போட்டாள். அவரும் அலவாங்கை எடுத்தார்.

பச்சை அறையின் யன்னலையும் கதவையும் மஜீட் தன் கையாலேயே கழற்றி எடுத்தார். பிறகு தள்ளி நின்று, சரி என்று முஸ்தாக்குக்குத் தலையாட்டினார். பெக்கோவின் கை முதல் தரம் இறங்கினபோது கைருன்னிஸா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஹுஸ்னியா உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிளேட்டைத் தூக்கி, அடைபட்ட குழாயைப் பிடுங்கி எறிந்ததும், கறுத்த தண்ணீர் கொஞ்சம் தயங்கிற்று. பிறகு ஒரு இரைச்சலோடு தோணாப் பக்கம் போகத் தொடங்கியது. ஒழுங்கையில் கிடந்த தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி ஓடியது. சின்னப் பிள்ளைகள் கூவினார்கள். சாலிஹ் தன் வீட்டு வாசலில் நின்று, படி ஒவ்வொன்றாகத் தெரிய வருவதைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

முஸ்தாக் எல்லார் வீட்டுப் பிளேன்டியும் குடித்துவிட்டுப் போன பிறகு, கைருன்னிஸா பழைய அறையை ஒதுக்கத் தொடங்கினாள். தங்களுடைய மெத்தை, தலையணை, உடுப்புப் பெட்டி, மஜீட்டின் சாறன்கள் எல்லாவற்றையும் எடுத்து ஹோலின் மூலையில் குவித்தாள். அந்த மூலையில்தான் இனி. பகலில் சுருட்டி வைத்தால் யாருக்கும் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று பெண்பிள்ளைகளுக்கு மூன்று வீடு கொடுத்த மனுசி. தன் பாயை எங்கே விரிக்கிறது என்று தெரியாமல் நின்றாள்.

குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மெத்தையைக் காணவில்லை. வாசலுக்கு ஓடினாள். ஒழுங்கைச் சனம் முழுக்க வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நடு ஒழுங்கையில், சேற்றை மிதித்துக்கொண்டு, முஸ்பிறா தலையணை இரண்டையும் கக்கத்தில் இடுக்கி, உடுப்புப் பெட்டியைத் தலையில் வைத்துத் தன் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் சாலிஹும் மஜீட்டும் மெத்தையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். முஸ்பிறாவின் மூத்த பிள்ளைகள் இருந்த பக்க அறையின் கதவு, வெளியிலிருந்து நுழைகிற கதவு, அகலத் திறந்து கிடந்தது. அறை கழுவி ஈரமாக இருந்தது.

"அடி முஸ்பிறா!" என்று கத்தினாள் கைருன்னிஸா. "என்ட சாமானெல்லாம் எங்க கொண்டு போறா? ஆரட்டக் கேட்டு எடுத்த?"

முஸ்பிறா நின்றாள். தலையில் பெட்டி இருந்ததால் உடம்போடு சேர்த்துத் திரும்பினாள்.

"ரெண்டு மாரியா என்ட ஊட்டுக்குள்ள வெள்ளத்த அனுப்பினியே," என்றாள், "என்னட்டக் கேட்டா அனுப்பின?"